சீல் பிரிக்காத ரெக்கார்டு உள்ளே எப்படி இருக்கும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 40 எல்பி ரெக்கார்டுகள் (வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆன, நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுகள்), மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையின் சீல் பிரிக்காமல் இருக்கின்றன. பாதி, கடந்த பத்து வருடத்தில் நீங்களே புதிதாக வாங்கியவை. மீதி, 1970களிலும் 80களிலும் அச்சானவை. யாரோ ஒருவரின் சேகரிப்பிலிருந்து மொத்தமாக வந்தவை. பிரித்துக் கேட்டால் தேய்ந்துவிடுமா, மதிப்பு போய்விடுமா, பிரிக்காமலே வைத்திருந்தால் கடைசிவரை புதிதாகவே இருக்குமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கேட்க ஆசை இருக்கிறது. கேட்டால் எதையோ கெடுத்துவிடுவோம் என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் என்பதைத்தான் கேட்கிறீர்கள்.

பழைய இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து, ஓடவிட்டு, டிஜிட்டலாக மாற்றித் தருவது இருபது வருடத்துக்கு மேலாக என் வேலை. வீட்டில் சொந்தச் சேகரிப்பும் உண்டு. ரெக்கார்டு வாங்கி விற்கும் தொழிலை நான் செய்ததில்லை. அதனால் மதிப்பு பற்றி நான் சொல்வதை ஒரு சேகரிப்பாளனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு, ஊசி, உறை பற்றிச் சொல்வது கையால் தொட்டுப் பழகியது.

தேய்மானத்திலிருந்து தொடங்குகிறேன். ஊசி பட்டால் தட்டு தேயும், அதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு என்பதுதான் விஷயம். எல்பி நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்றுகிறது. ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடினால், அதில் சுருண்டு கிடக்கும் ஒற்றைப் பள்ளத்தின் நீளம் கிட்டத்தட்ட 430 மீட்டர். பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் இசை செதுக்கப்பட்டிருக்கிறது. ஊசி இரண்டையும் உரசிக்கொண்டு போகிறது. ஊசி தட்டின் மேல் வைக்கும் பாரம் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை கிராம். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் வைர நுனி சுவரைத் தொடும் இடம் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, அதனால் அந்தப் புள்ளியில் அழுத்தம் மிகப் பெரிது. அப்படியும் தட்டு பிழைப்பது எப்படி என்றால், வினைல் அங்கே ஒரு கணம் அமுங்கி, ஊசி கடந்ததும் பழைய நிலைக்கு மீண்டுவிடுகிறது. கொலம்பியா நிறுவனம் 1948இல் எல்பியைக் கொண்டுவந்தபோது, அரக்குத் தட்டை விட்டு வினைலுக்கு மாறியதில் கிடைத்த பெரிய லாபங்களில் இதுவும் ஒன்று. அதற்கு முந்தைய, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடிய அரக்குத் தட்டில் கனமான எஃகு ஊசி ஓடும். தட்டும் தேயும், ஊசியும் தேயும். அடுத்து வந்த மலிவான பிளேயர்கள் சிலவற்றில் ஐந்து கிராமுக்கு மேல் பாரம் வைக்கும் பீங்கான் கார்ட்ரிட்ஜ்கள் (ஊசியைத் தாங்கும் சிறு பாகம்) இருந்தன. "போட்டால் போச்சு" என்று பெரியவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஒழுங்காகச் சரிசெய்த இன்றைய பிளேயருக்கு அந்தப் பயம் அப்படியே பொருந்தாது.

தட்டை உண்மையில் கெடுப்பவை இரண்டு. ஒன்று தூசி. பள்ளத்தில் கிடக்கும் கெட்டியான ஒரு துகளை ஊசி சுவருக்குள் அழுத்திவிட்டால், அந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு "டப்" சத்தம் குடிவந்துவிடும். அப்புறம் எத்தனை தடவை கழுவினாலும் போகாது. இன்னொன்று தேய்ந்த ஊசி. உருண்டையாக இருந்த வைர நுனி, ஓடி ஓடி இரண்டு பக்கமும் தட்டையாகிவிடும். அந்தத் தட்டைப் பரப்பின் விளிம்பு கூராக இருக்கும், உளி மாதிரி சுவரைச் சுரண்டிக்கொண்டே போகும். வைர ஊசியின் ஆயுள், நுனியின் வடிவத்தைப் பொறுத்து, 500 முதல் 1000 மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். தினமும் 40 நிமிட ஆல்பம் ஒன்று கேட்கிறீர்கள் என்றால் வருடத்துக்கு 240 மணி நேரத்துக்குமேல் ஆகிவிடும். இரண்டே வருடத்தில் கிட்டத்தட்ட 500 வந்துவிடும். ரெக்கார்டைப் பிரிக்கலாமா என்று வருடக்கணக்காக யோசிக்கிறவர்கள், ஊசி மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டால் திகைத்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு என்று ஒன்று உண்டென்றால் அது அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒருவர் ஒரே ஆல்பத்தின் இரண்டு பிரதிகளை என்னிடம் கொண்டுவந்தார். ஒன்று அவருடைய அப்பா கேட்டது, மற்றது அப்பாவே வாங்கிப் பிரிக்காமல் வைத்துவிட்டுப் போனது. "பழசு போகட்டும், சீல் பிரிக்காததைப் பிரித்து மாற்றிக் கொடுங்கள், அதில்தான் சத்தம் சுத்தமாக இருக்கும்" என்றார். பழைய பிரதியின் உள் உறையில் பென்சிலால் கோடுகள் போட்டிருந்தன. நாலு கோடு, குறுக்கே ஒன்று, இப்படி ஐந்து ஐந்தாக, உறையின் ஓரம் முழுக்க. ஒவ்வொரு கோடும் ஒரு தடவை கேட்டதற்கான கணக்கு. எண்ணிப் பார்த்தேன், 183. புதியதைப் பிரித்து ஓடவிட்டதுமே ஊசியைத் தாங்கும் கை (டோன் ஆர்ம்) இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிட்டது. நடுத்துளையை மையம் தவறிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஏறி இறங்கியது. பியானோவின் நீண்ட ஒற்றைச் சுரம் தண்ணீரில் மிதப்பது போல ஆடியது. பிறகு அந்த 183 தடவை கேட்ட தட்டைக் கழுவிப் போட்டேன். பின்னணி அமைதியாக இருந்தது. கடைசிப் பாட்டில் மட்டும் "ச", "ஸ" ஒலிகள் கொஞ்சம் கரகரத்தன. அதற்கும் ஒரு காரணம் உண்டு. தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும். லேபிளுக்கு அருகே வரும்போது அது 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலியைக் குறுகிய இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், கரகரப்பும் தேய்மானமும் முதலில் தெரிவது அங்கேதான். கடைசியில் அப்பாவின் தட்டிலிருந்துதான் மாற்றிக் கொடுத்தேன்.

ஒரு சம்பவத்தை வைத்து எல்லா சீல் ரெக்கார்டும் மோசம் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை நன்றாகவே இருக்கும். சீல் என்பது "யாரும் இதை ஓட்டவில்லை" என்பதற்கு மட்டும்தான் சான்று. நன்றாக அச்சடித்தார்கள் என்பதற்கோ, நன்றாகப் பாதுகாத்தார்கள் என்பதற்கோ அது சான்று ஆகாது.

தேய்மானம் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாத சில விஷயங்களும் சேகரிப்பாளர்களிடையே உலவுகின்றன. ஒரு தட்டை ஓட்டியபின் அமுங்கிய வினைல் மீள்வதற்காக 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. சிலர் அரை மணி நேரம் போதும் என்பார்கள். என் காதுக்கு இதில் எந்த வேறுபாடும் தெரிந்ததில்லை. ஆனாலும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடும் வழக்கம் எனக்கு இல்லை, அதில் இழப்பு ஒன்றும் இல்லையே. இன்னொன்று, அச்சிலிருந்து தட்டு கழன்று வரப் பூசிய வழவழப்பு புதுத் தட்டில் படிந்திருக்கும், கழுவாமல் ஓட்டக்கூடாது என்பது. அச்சில் அப்படித் தனியாக ஏதாவது பூசுகிறார்களா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. கழுவச் சொல்லும் முடிவு மட்டும் எனக்குச் சரியாகப் படுகிறது, வேறு காரணத்தால்: புதுத் தட்டில் காகிதத் தூளும் ஓரம் வெட்டிய வினைல் துணுக்கும் ஒட்டிக்கொண்டு வரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கண்ணாலேயே பார்க்கலாம்.

சரி, பிரிக்காமல் வைத்திருந்தால் அப்படியே இருக்குமா? வினைல் என்ற பொருளைப் பொறுத்தவரை நல்ல செய்தி. இசைத்தட்டுகள் செய்யப்பட்ட பொருள்களில் வினைல் மிகவும் நிலையானது. பிக்கெட், லெம்கோ இருவரும் செய்த ஆய்வை 1959இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வெளியிட்டது. ஒழுங்காக வைத்திருக்கும் வினைலுக்கு வேதியியல் சிதைவைவிட வளைவதுதான் பெரிய ஆபத்து என்ற பார்வை அப்போதிருந்தே இருக்கிறது. உங்கள் 70களின் தட்டுகள் பொருளளவில் இன்னும் பல காலம் தாங்கும். பிரச்சினை தட்டைச் சுற்றி இருப்பவற்றில் இருக்கிறது.

முதலில் அந்த ஷ்ரிங்க் உறை. சூடு காட்டினால் சுருங்கி இறுகுவது அந்தப் பிளாஸ்டிக்கின் குணம், அதனால்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். சுருங்குவது தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. வெயில் படும் அறையில், வெப்பமான பரணில், வருடக்கணக்கில் அது மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகும். அட்டை மெலிதாக இருந்தால் மூலைகள் உள்பக்கமாக மடங்கும், அட்டை கிண்ணம் போல வளையும், உள்ளே இருக்கும் தட்டும் கூடச் சேர்ந்து வளையும். உங்கள் பழைய இருபதையும் இன்றே ஒரு மேசையில் தட்டையாக வைத்துப் பாருங்கள். அட்டை மேசையோடு ஒட்டி உட்காராமல் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால், அந்த ரெக்கார்டை உறை நெருக்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரிக்காமல் வைத்திருப்பது பாதுகாப்பே இல்லை, ஒவ்வொரு கோடையும் அதற்குச் சேதம்தான்.

அடுத்தது உள் உறை. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சாதாரணக் காகித உறை தட்டை உரசி மெல்லிய கீறல் போடும், ஆனால் பெரிய தீங்கு செய்யாது. பாலிஎத்திலின் உறை நல்லது. மோசமானது மென்மையான பிவிசி உறை. பிவிசியை வளைந்து கொடுக்க வைப்பதற்காக அதில் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் வெளியேறித் தட்டின் மேல் படியும். தட்டில் பால் ஊற்றிக் காய்ந்ததுபோல் ஒரு வெண்புகைத் திட்டு தெரியும். அந்த இடம் வந்தால் மழைச் சத்தம் போல "ஸ்ஸ்" என்று தொடர்ந்து கேட்கும். அது அழுக்கில்லை, தட்டின் மேற்பரப்பே மாறியிருக்கும், அதனால் கழுவினாலும் பெரும்பாலும் போகாது. பழைய பெட்டித் தொகுப்புகள் சிலவற்றில் அடியில் வைக்கும் ஸ்பாஞ்சும் இதே மாதிரிதான். அது மக்கிப் பொடியாகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

இது எனக்கே நடந்தது. 70களில் வந்த ஆல்பம் ஒன்றைச் சீல் பிரிக்காத நிலையில் வாங்கி, பதினோரு வருடம் பிரிக்காமல் வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் என்ன தோன்றியதோ, நகத்தை வாய்ப்பக்கத்து ஓரத்தில் வைத்து இழுத்தேன். பிளாஸ்டிக் "சர்ர்" என்று கிழிந்ததும் பழைய அட்டையும் மையும் கலந்த அந்த வாசனை வந்தது. மனசு நிறைந்துபோனது. உள் உறையை வெளியே இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வர வேண்டியது தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது, பிவிசி. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன், முதல் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெண்புகை. அந்தப் பதினோரு வருடத்தில் அதை எத்தனை தடவை கையில் எடுத்துப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பேன் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. வாங்கிய அன்றே பிரித்திருந்தால் உறையை மாற்றி அந்தத் தட்டைக் காப்பாற்றியிருக்கலாம். இப்போதும் அது என்னிடம் இருக்கிறது. இரண்டாவது பக்கத்தை மட்டும் கேட்கிறேன்.

புதிதாக வாங்கிய உங்கள் இருபதுக்கு இன்னொரு காரணமும் சேருகிறது. வினைலைச் சூடாக்கி, நூறு டன் அளவு அழுத்தத்தில் அமுக்கி அரை நிமிடத்துக்குள் தட்டு செய்கிறார்கள். சரியாக ஆறுவதற்குள் எடுத்துவிட்டால் வளையும். பள்ளத்தில் வினைல் முழுமையாகப் பாயாமல் போனால், ஓட்டும்போது துணி கிழிவது போன்ற சத்தம் வரும். அட்டை ஒன்று, உள்ளே தட்டு வேறொன்று என்று மாறி வருவதும் உண்டு. ஒரே தட்டு இரண்டு தடவை வைக்கப்பட்டு, இரண்டாவது தட்டு இல்லாமல் வந்த இரட்டை ஆல்பத்தை நானே பிரித்திருக்கிறேன். வாங்கிய வாரத்தில் பார்த்தால் மாற்றித் தருவார்கள். ஏழு வருடம் கழித்துப் பார்த்தால் யாரிடம் போய்க் கேட்பது? சில ஆல்பங்களில் டிஜிட்டலாக இறக்கிக்கொள்ள ஒரு குறியீட்டுச் சீட்டு வைத்திருப்பார்கள், அதற்கும் காலக்கெடு இருக்கலாம். புது ரெக்கார்டைப் பிரிக்காமல் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் மட்டும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் லூமினேட் நிறுவனம் அமெரிக்காவில் எடுத்து 2023இல் வெளியிட்ட கணக்கில், முந்தைய 12 மாதங்களில் வினைல் வாங்கியவர்களில் பாதிப் பேரிடம்தான் ரெக்கார்டு பிளேயரே இருந்தது.

பழையவற்றில் இன்னொரு கேள்வி வருகிறது: அந்த சீல் உண்மையான சீல்தானா? ஷ்ரிங்க் இயந்திரம் தொழிற்சாலையில் மட்டும் இருந்த பொருள் இல்லை. கடைகளிலும் இருந்தது, இன்றும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். திருப்பிக் கொடுத்த தட்டை மறுபடி சீல் போட்டு விற்றது நேர்மையான கடைகளிலும் நடந்தது. ஏமாற்றுவதற்காகப் போடுகிறவர்களும் உண்டு. முழு நிச்சயம் கிடைக்காது, ஆனால் சில தடயங்கள் உண்டு. 1960களின் பிரிட்டிஷ் ரெக்கார்டுகள் பொதுவாகச் சீல் இல்லாமல்தான் விற்பனைக்கு வந்தன. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் அச்சு "தொழிற்சாலை சீலோடு" இருக்கிறது என்று சொன்னால் நான் விலகிவிடுவேன். பார்கோடு ஆல்பம் அட்டைகளில் பரவத் தொடங்கியது 70களின் கடைசியில்; பார்கோடு உள்ள அட்டை 1968ஆம் வருட முதல் அச்சாக இருக்க முடியாது. விற்காமல் தங்கிய ரெக்கார்டுகளைத் தள்ளுபடியில் விடும்போது அட்டையின் மூலையை வெட்டுவார்கள் அல்லது துளை போடுவார்கள். அட்டையில் துளை இருந்து, அதன் மேல் பிளாஸ்டிக் மட்டும் ஓட்டையில்லாமல் மூடியிருந்தால், துளைக்குப் பிறகு யாரோ சீல் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் இருபதில் துளை போட்டவை இருந்தால் விரல் நுனியால் தடவிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

சீல் போட்ட அரிய ரெக்கார்டின் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் இரண்டாவது ஆல்பம். 1963இல் அது வெளிவரும் தறுவாயில் நான்கு பாட்டுகளை எடுத்துவிட்டு வேறு நான்கைச் சேர்த்தார்கள். பழைய நான்கு பாட்டுகளோடு அச்சான தட்டுகளில் சில தப்பி வெளியே போய்விட்டன. உலகத்திலேயே மிகவும் தேடப்படும் ரெக்கார்டுகளில் அவையும் அடங்கும். அட்டையையும் லேபிளையும் வைத்து அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிட முடியாது என்பதுதான் விசேஷம். லேபிளில் புதிய பாட்டுகளின் பெயர் இருக்கும், தட்டில் பழையது ஓடும். லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும், அல்லது ஊசியை வைத்துக் கேட்க வேண்டும். சீல் பிரிக்காத பிரதியில் இரண்டுமே முடியாது. அதேபோல பிரிட்டிஷ் ராக் குழு லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பத்தில் (1969) ராபர்ட் லட்விக் என்ற ஒலிப்பொறியாளர் மூலத்தட்டில் பள்ளம் வெட்டிய முதல் அமெரிக்க அச்சைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். அதற்கான அடையாளமும் அந்த வெற்று வளையத்தில் கீறிய எழுத்துதான்.

மதிப்புக்கு வருகிறேன். ஒரே அச்சு, ஒரே நிலை என்றால் சீல் பிரிக்காதது பிரித்ததைவிட அதிகம் போகும், அது நிச்சயம். பிரித்த நொடியில் அந்தக் கூடுதல் போய்விடும், அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் லட்சக்கணக்கில் அச்சான ஆல்பத்துக்கு அந்தக் கூடுதல் பெரிதாக இருப்பதில்லை. புதிய "குறைந்த பிரதி" வெளியீடுகளின் மதிப்பு, நிறுவனம் மறுபடி அச்சடிக்குமா என்பதைப் பொறுத்தது; மறு அச்சு வந்ததும் பல சரிந்துவிடுகின்றன. எது ஏறும் என்று முன்கூட்டியே சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. தரம் பிரிக்கும்போதுகூட, ரெக்கார்டு சேகரிப்பாளர்களுக்கான கோல்ட்மைன் இதழின் அளவுகோலில் 'மின்ட்' என்ற உச்சத் தரத்தை மிக அரிதாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்பார்கள். தட்டைப் பார்க்காமல் அந்தத் தரத்தை எப்படிக் கொடுப்பது? சீல் ரெக்கார்டை ஆராய்ந்து கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகிறவர்கள் இப்போது வந்திருக்கிறார்கள், அவர்கள் தரம் பார்ப்பதும் வெளிப்புறத்தைத்தான்.

பிரிக்கவே கூடாத ரெக்கார்டு உண்டா என்றால், உண்டு. பீட்டில்ஸின் 'யெஸ்டர்டே அண்ட் டுடே' ஆல்பத்தை 1966 ஜூனில் கேபிடல் நிறுவனம் வெளியிட்டபோது, நால்வரும் கசாப்புக் கடைக்காரர் அங்கியில் இறைச்சித் துண்டுகளோடும் உடைந்த பொம்மைகளோடும் இருக்கும் படத்தை அட்டையில் போட்டிருந்தது. எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்று, பல அட்டைகளின் மேல் வேறு படத்தை ஒட்டி விற்றார்கள். அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆலன் லிவிங்ஸ்டன், படம் ஒட்டாத சீல் பிரதிகள் கொஞ்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்திருந்தார். 80களில் அவருடைய மகன் மூலம் அவை வெளியே வந்தன. எங்கிருந்து வந்தது என்ற வரலாறு தெளிவாகத் தெரிகிறது, அரிதாகவும் இருக்கிறது, மதிப்பு முழுக்க அட்டையில்தான், அதில் உள்ள பாட்டுகளை வேறு பிரதியில் தாராளமாகக் கேட்கலாம். இந்த நான்கும் ஒன்றுசேரும் ரெக்கார்டைப் பிரிப்பது எனக்கும் மனசு வராத காரியம். அது ஒரு ஆவணம். உங்கள் 40இல் அப்படி ஒன்று இருந்தால், எனக்கு ஆச்சரியமாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் புதிய இருபதையும் இந்த மாதமே பிரித்துவிடுவேன். பழைய இருபதில், உறை இறுகி வளைந்தவற்றை முதலில் பிரிப்பேன். மீதியில் ஒவ்வொன்றின் அட்டை எண்ணையும் பதிப்பு விவரத்தையும் பார்த்து, உண்மையிலேயே அரிதானது என்று தோன்றுவதை மட்டும் தனியே எடுத்துவைத்து, கேட்பதற்கு அதன் இன்னொரு பிரதியைத் தேடுவேன். விற்பதாக இருந்தால் அப்படியே விற்றுவிடுங்கள், அதில் தவறே இல்லை. சீலை விரும்புகிறவரிடம் அது போகட்டும். விற்கவும் மனமில்லை, கேட்கவும் துணிவில்லை என்று இடையில் கிடக்கும் ரெக்கார்டுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பிரிக்கும்போது கத்தி வேண்டாம். அட்டையின் வாய்ப்பக்க ஓரத்தை, முரட்டுத் துணியில், உடுத்தியிருக்கும் ஜீன்ஸ் தொடையில்கூட, வேகமாக இரண்டு தடவை தேய்த்தால் பிளாஸ்டிக் அந்தக் கோட்டிலேயே பிளந்துகொள்ளும். உறை தளர்வாக இருந்தால் மீதியை அப்படியே அட்டையில் விட்டுவிடலாம், சேகரிப்பாளர்கள் அதையும் மதிக்கிறார்கள். இறுக்கமாக இருந்தால் முழுவதும் எடுத்துவிட்டு, மேலே ஒட்டிய விளம்பர ஸ்டிக்கரை மட்டும் வெட்டி உள்ளே வையுங்கள். தட்டைக் கழுவிக் காயவிட்டு, புதிய பாலிஎத்திலின் உறையில் போடுங்கள். பழைய உள் உறை பிவிசியாக இருந்தால் தட்டோடு மறுபடி சேர்க்காதீர்கள். முதல் தடவை ஓட்டும்போதே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தர டிஜிட்டல் அளவில் பதிவு செய்துகொண்டால், அன்றாடம் கேட்க அதையும், ஆசைப்படும் நாளில் தட்டையும் வைத்துக்கொள்ளலாம். தேய்மானப் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

வைப்பது நெட்டுக்குத்தாகத்தான், நெருக்கிச் செருகாமல், சாயவும் விடாமல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது. 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ஒரு ஆல்பத்துக்கு அட்டையில் நிஜமான ஜிப் வைத்தார்கள். அடுக்கி அனுப்பியபோது அந்த ஜிப் அடுத்த ரெக்கார்டை அழுத்திப் பள்ளத்தைக் கெடுத்துவிட்டது. ஜிப்பைப் பாதிவரை இறக்கி, அழுத்தம் லேபிளில் விழும்படி செய்துதான் சமாளித்தார்கள். ஒரு ஜிப்புக்கே அந்த நிலை என்றால், உங்கள் பழைய இருபதும் வந்த பெட்டியில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் எழுதவில்லை. எந்த பிளேயர், எந்த கார்ட்ரிட்ஜ், ஊசி எப்போது மாற்றியது, பாரம் எத்தனை கிராமில் வைத்திருக்கிறீர்கள்? பாரத்தைச் சரிசெய்ய வழியில்லாத சூட்கேஸ் வகை பிளேயர் என்றால், முதல் ரெக்கார்டைப் பிரிப்பதற்குமுன் சொல்லுங்கள். அதை முதலில் பேசிவிடலாம்.